நிசப்தம் வேண்டிய வீராங்கனை

பியொங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி இரவு, பெண்களுக்கான 500 மீட்டர் ஸ்பீட் ஸ்கேட்டிங் பந்தயத்தில் ஜப்பானிய வீராங்கனை நவோ கொடைரா தங்கப் பதக்கம் பெற்றார் என்பதும், இரண்டாமிடம் பெற்றுத் தம் சொந்த நாட்டு ஜனங்களின் முன்னிலையில் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த தென் கொரிய வீராங்கனை லீ சாங்ஹ்வாவை அவர் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார் என்பதும் உலகம் அறிந்த செய்திகள். அந்த அணைப்பின் படத்தைப் பார்த்து மனம் நெகிழாதவர்கள் அபூர்வம். நானும் நெகிழ்ந்தவர்களில் ஒருவன்தான். ஆயினும், அந்த அணைப்புக்குச் சில நிமிஷங்கள் முன்னதாக அதே பனித்தளத்தில் கொடைரா செய்த வேறொரு காரியம், அணைப்பின் புகழொளியில் சற்று மங்கித் தோன்றினாலும், அதைவிட உயர்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். அதன் உயர்வு விளங்க வேண்டுமானால் அந்தப் பந்தயத்தின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உறைபனியைக் கண்ணால் காணாமலே வாழ்நாளைக் கழித்துவிடும் நம்மில் பலருக்கு அந்த விளையாட்டு பழக்கமானதன்று.

நானூறு மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டமான பனித்தளம். அதில் உள் பாதை ஒன்று, வெளிப் பாதை ஒன்று. நீண்டு மெலிந்த எஃகு அலகு பொருத்திய காலணி அணிந்து, முழங்காலை மடக்கி, முதுகைத் தரைக்கு ஏறக்குறைய சமமாகத் தாழ்த்தி, இருவர் இருவராக வந்து ஓடுவார்கள். ஒரு முழுச் சுற்றும் அதன்மேல் கால் சுற்றும் ஓடினால் 500 மீட்டர் முடிந்துவிடும். உள் பாதையில் புறப்பட்டவர் எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் வெளிப் பாதைக்கும், வெளிப் பாதையில் புறப்பட்டவர் உள் பாதைக்கும் மாறிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தூரம் சமமாகாது. தூரம் சமமானாலும் வளைவுகள் ஒருவருக்குச் சாதகமாகவும் மற்றவருக்குப் பாதகமாகவும் அமைந்துவிடக் கூடும் என்ற நியாயத்தைக் கருதி, 1998 முதல் 2014 வரை நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் ஒவ்வொருவரையும் இரண்டு முறை ஓடவைத்து, இரண்டு நேரங்களையும் கூட்டியே முடிவு கண்டார்கள். பியொங்சாங்கில் அந்த ஏற்பாடு நீங்கி, மறுபடியும் ஒரே ஓட்டம் என்றாயிற்று. நான்கு வருஷத்துத் தவம் முப்பத்தேழு விநாடிக்குள் பலித்தாக வேண்டும். இடையில் ஓரடி பிசகினாலும் அதைச் சரிக்கட்ட மறு ஓட்டம் கிடையாது.

இந்தப் பந்தயத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஓடுகிறவர் தம் பக்கத்தில் ஓடுகிறவரை ஜயித்துவிட்டால் மட்டும் போதாது. முன்னே ஓடி முடித்தவர்கள் எல்லாரையும், இன்னும் புறப்படாமல் பின்னே காத்திருப்பவர்கள் எல்லாரையும் அவர் கடிகாரத்தின் மூலமாகவே ஜயிக்க வேண்டும். ஆகவே, தம் முறையை முடித்துக்கொண்டு முதலிடத்தில் நிற்கும் ஒருவருக்கு அந்த இடம் நிலைக்குமா நிலைக்காதா என்பது கடைசி ஜோடி எல்லைக் கோட்டைத் தாண்டும் வரையில் தெரியாது. தம்மால் செய்யக்கூடியது அத்தனையும் செய்து முடிந்தாயிற்று. இனி, தாம் பெற்றதைத் தட்டிப் பறிக்கப் பிறர் முயல்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் மீதம். ஓடும்போது உடம்புக்கு நேரும் வேதனையைக் காட்டிலும் இந்தக் காத்திருப்பு கொடியது என்று நினைக்கிறேன். அடுத்தவர் இடற வேண்டும் என்று உதடு சொல்லாவிட்டாலும், உள்ளத்தின் ஏதோ ஒரு மூலை அதை விரும்பும். அப்படி விரும்புவதை மனித சுபாவம் என்று மன்னித்துவிடவும் நாம் தயாராக இருக்கிறோம்.

புறப்பாடோ பரம சூட்சுமமானது. கோட்டுக்கு வரச் சொல்லி ஒரு குரல். ஆயத்தமாகச் சொல்லி மற்றொரு குரல். அதன் பிறகு உடம்பில் ஓர் அசைவுமின்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, துப்பாக்கியின் ஓசைக்காகச் செவியைத் தீட்டி நிற்க வேண்டும். சிறிது முந்தினால் குற்றம். சிறிது பிந்தினால் நஷ்டம். விநாடியை நூறாகப் பகுத்து அதில் ஒரு பகுதியால் பதக்கம் கைமாறும் போட்டியில், அரங்கத்தில் எழும் ஆரவாரம் ஒன்று அந்த நேரத்தில் செவியில் பாய்ந்தால், நிற்பவரின் ஏகாக்கிரதை கலைந்து போகும். கலைந்தால் அது யாருடைய குற்றமும் ஆகாது. விதி நூலில் அதற்குத் தண்டனை இல்லை. எந்த நடுவரும் அதை எழுதிக்கொள்ளமாட்டார்.

அன்றைக்கு மொத்தம் பதினாறு ஜோடிகள். கொடைரா பதினான்காவது ஜோடியில் ஓடினார். அவருக்கு அப்போது வயது 31. ஜப்பானியக் குழு முழுவதற்கும் அவரே தலைவி. இரண்டு பருவங்களாக 500 மீட்டர் தூரத்தில் தோல்வியையே அறியாதவர். ஓடி முடித்தபோது பலகையில் 36.94 என்று நேரம் விழுந்தது. ஒலிம்பிக் சாதனை, ஒலிம்பிக் மேடையில் பெண்ணொருத்தி இந்தத் தூரத்தை 37 விநாடிக்குள் கடந்தது அதுவே முதல் முறை. ஜப்பானிய ரசிகர்கள் துள்ளியெழுந்து ஆர்ப்பரித்தார்கள். வாழ்நாள் முழுவதும் எந்த ஓசையைக் கேட்பதற்காக உழைத்தாரோ அந்த ஓசை காதில் நிறையும் அத்தருணத்தில், கொடைரா பனித்தளத்தைச் சுற்றி மெதுவாக வந்துகொண்டே, சுட்டுவிரலை உதட்டின் மீது வைத்து, அமைதியாக இருங்கள் என்று அந்த ரசிகர்களை வேண்டிக்கொண்டார். அடுத்த ஜோடி கோட்டுக்கு வந்துவிட்டது. அதில் நின்றவர் லீ சாங்ஹ்வா.

அந்தச் சமயத்தில் கொடைரா வென்றவர் அல்லர் என்பதை வாசகர்கள் ஒரு கணம் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய நேரத்தைத் தாண்டும் ஆற்றல் உலகத்தில் ஒருவருக்கு இருந்ததென்றால் அது லீக்குத்தான். இரண்டு ஒலிம்பிக்குகளில் இதே பந்தயத்தில் தொடர்ந்து தங்கம் பெற்றவர் அவர். 2013 நவம்பரில் சால்ட் லேக் நகரத்தில் அவர் ஏற்படுத்திய 36.36 விநாடி என்ற உலக சாதனை, பத்து வருஷங்களுக்கு மேலாக எவராலும் அசைக்க முடியாமல் நின்றது. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் வாழ்த்தொலிக்கு நடுவில் ஓட வருகிறார். அன்று ஜயித்திருந்தால், ஒரே பந்தயத்தில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற அமெரிக்க வீராங்கனை பானி பிளேருக்குச் சமதையான ஸ்தானம் அவருக்குக் கிடைத்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் தம் முழுப் பலத்தோடும் ஓடி, கொடைராவின் கையிலிருக்கும் பதக்கத்தைப் பறித்துக்கொள்வதற்கு வேண்டிய அமைதியைக் கொடைரா தாமே கேட்டு வாங்கிக் கொடுத்தார். வெற்றி உறுதியான பிறகு தோற்றவரைத் தழுவிக்கொள்வது பண்புடைமைதான். ஆனால் தழுவுகிறவர் அதனால் இழப்பது ஒன்றுமில்லை. வெற்றி இன்னும் தராசில் ஆடிக்கொண்டிருக்கும்போது எதிரிக்கு நியாயம் செய்வதில் இழப்பு நேரக்கூடும், தங்கமே போய்விடக்கூடும். இந்தக் காரணத்தினால்தான் உதட்டில் வைத்த அந்த விரலை நான் அணைப்பைக் காட்டிலும் மேலாக மதிக்கிறேன்.

லீ புறப்பட்டார். முதல் நூறு மீட்டரை அவர் கடந்த வேகம் கொடைராவின் வேகத்தையும் மிஞ்சியது. அரங்கம் மூன்றாவது தங்கத்தைக் கண்டுவிட்டதாகவே நினைத்து அதிர்ந்தது. கடைசி வளைவில் அவருடைய கால் தாளம் சற்றே பிசகியது. முடிவு நேரம் 37.33. இன்னும் ஒரு ஜோடி மிச்சமிருந்தது. அதிலும் எவரும் கொடைராவை நெருங்கவில்லை. செக் நாட்டின் கரோலினா எர்பனோவா 37.34 விநாடியில் மூன்றாமிடம் பெற்றார்.

அதன்பின் நடந்ததுதான் எல்லோரும் பார்த்தது. லீ தம் நாட்டுக் கொடியை ஏந்தியபடி அழுதுகொண்டே தளத்தைச் சுற்றினார். ஜப்பானியக் கொடியைப் போர்த்தியிருந்த கொடைரா அவருக்காகக் காத்திருந்து, அருகில் வந்ததும் இரு கைகளையும் விரித்து அவரைச் சேர்த்துக்கொண்டார். நன்றாகச் செய்தாய் என்று கொரிய மொழியிலேயே அவரிடம் கூறினார். இப்போதும் உன்னை நான் மதித்து அண்ணாந்து பார்க்கிறேன் என்ற கருத்துப்படவும் சொன்னார். வயதில் கொடைரா மூத்தவர், லீ ஏறக்குறைய மூன்று வருஷம் இளையவர். மூத்தவர் இளையவரை அண்ணாந்து பார்ப்பதாகச் சொன்னது உபசார வார்த்தையன்று. பல வருஷங்கள் உலகப் போட்டிகளில் லீயின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடியவர் அவர். உண்மையிலேயே அந்த ஓட்டத்திலிருந்து பாடம் கற்றவர்.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் முதல் நற்செயலைச் செய்தவர் கொடைரா அல்லர். பதக்கம் பெற்ற பிறகு பத்திரிகையாளர்கள் கூட்டத்தில் அவரே ஒரு பழைய சம்பவத்தை எடுத்துச் சொன்னார். 2014 நவம்பரில் சியோலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், இந்தத் தூரத்தில் தம் முதல் உலகக் கோப்பை வெற்றியைக் கொடைரா பெற்றார். தோற்றவர்களில் லீயும் ஒருவர், அதுவும் சொந்த ஊரில். போட்டி முடிந்ததும் கொடைரா உடனே விமானம் ஏறி நெதர்லாந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவருடைய அவசரத்தை அறிந்த லீ, டாக்சி ஒன்றை வரவழைத்து, விமான நிலையம் வரைக்குமான கட்டணத்தையும் தாமே கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். தோற்ற வருத்தம் மனத்தில் இருந்திருக்கும், அப்படியிருந்தும் அவ்வளவு அன்பாக நடந்துகொண்டார் என்று கொடைரா நன்றியோடு அதை நினைவுகூர்ந்தார். அந்த டாக்சிக் கட்டணம் எவ்வளவு சிறிய தொகையாகவும் இருக்கட்டும்; தன் ஊரில், தன் கண்ணெதிரே தன்னை வென்ற ஒருத்தி சுகமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று அந்த நேரத்தில் கவலைப்படுகிற மனம் சாமானியமானதன்று.

நம்முடைய புறநானூற்றில் இதற்கு இணங்க ஒரு நிகழ்ச்சி உண்டு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகால் வளவன் சேரமானை வென்றான். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிய சேரமான் வடக்கிருந்தான். அந்தப் போரைப் பாட வந்த வெண்ணிக்குயத்தியார், வென்ற மன்னனையே முன்னிலைப்படுத்தி அவன் ஆற்றலை வாழ்த்திவிட்டு, தோற்றவன் அவனிலும் மேலானவன் என்று சொல்லிப் பாட்டை முடித்தார். கொற்றவன் சபையில் அப்படிச் சொல்வதற்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். வென்றவர் சிறப்பைச் சொல்லும்போதே தோற்றவர் சிறப்பையும் நிறுத்துச் சொல்லுகிற நேர்மை நம் பழைய புலவர்களுக்கு இருந்தது. இன்றைய விளையாட்டுப் பக்கங்களில் அது அருகிவிட்டது. இந்த ஸ்கேட்டிங் பந்தயம் நடந்த காங்னுங் அரங்கத்து இரவைப் பாட அந்த அம்மையார் இருந்திருந்தால் லீக்கு உரிய இடத்தைக் குறைக்காமல் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொடைராவின் வெற்றியை அவருடைய பண்பு ஒன்றைக் கொண்டே மதிப்பதும் பிழையாகும்; பெண்கள் ஜயித்தால் அவர்களுடைய கண்ணீரையும் கருணையையும் பேசிவிட்டு, அவர்களுடைய அறிவையும் உழைப்பையும் பேசாமல் விடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அது எனக்குச் சம்மதமில்லை. நகானோ மாகாணத்தில் சினோ என்ற ஊரில் 1986-ஆம் ஆண்டில் பிறந்த அந்தப் பெண், தன் பதினோராம் வயதில், தன் மாகாணத்திலேயே நடந்த 1998 ஒலிம்பிக்கைக் கண்டாள். ஹிரோயாசு ஷிமிசு ஆண்கள் 500 மீட்டரில் தங்கமும், தொமோமி ஒக்காசாக்கி பெண்கள் 500 மீட்டரில் வெண்கலமும் பெற்றது அவள் மனத்தில் விதையாக விழுந்தது. ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஸ்கேட்டிங் நுட்பத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட மசாஹிரோ யூக்கி என்ற ஆசிரியரிடம் பயின்றார். 2009-ல் படிப்பு முடிந்தபோது அவரை ஆதரிக்க ஒரு பெரிய கம்பெனியும் முன்வரவில்லை. மட்சுமோட்டோ நகரத்திலுள்ள அய்சாவா மருத்துவமனைதான் அவரைத் தன் ஊழியராக ஏற்று, சம்பளம் கொடுத்து, ஓடவிட்டது. விளம்பரத்தில் லாபம் காணும் வியாபார ஸ்தாபனமாக இல்லாத ஒரு மருத்துவமனை, பதக்கம் இன்னும் கைக்கு வராத ஒரு பெண்ணை நம்பி அத்தனை வருஷங்கள் தாங்கியதையும் பாராட்டாமல் இருக்க முடியாது.

2010-ல் வான்கூவரில் குழுப் பந்தயத்தில் அவரும் சேர்ந்து ஓடிய ஜப்பானியக் குழு ஜெர்மனியிடம் 0.02 விநாடியில் தங்கத்தை இழந்தது. 2014-ல் சோச்சியில், லீ இரண்டாம் முறையாகத் தங்கம் பெற்ற அதே 500 மீட்டரில், கொடைரா ஐந்தாம் இடம். இருபத்தேழு வயது, பலர் அந்த வயதில் விளையாட்டை விட்டு வேறு வாழ்க்கையைத் தேடிக்கொள்வார்கள். அவர் தனியாக நெதர்லாந்துக்குப் புறப்பட்டார். ஸ்கேட்டிங்கைத் தங்கள் தேசிய விளையாட்டாகவே போற்றும் அந்த நாட்டில், பழைய ஒலிம்பிக் வீராங்கனை மரியான் டிம்மரின் குழுவில் சேர்ந்து, மொழியைக் கற்று, அவர்களோடு உண்டு, இரண்டு வருஷம் பயின்றார். தலையை நிமிர்த்தித் தோளை உயர்த்தி, சீறும் பூனையைப் போல உடம்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே கற்பித்தார்கள். அதை ஏற்றுக்கொண்டு, பல வருஷமாகப் படிந்துபோன தம் பழைய நிலையைக் கலைத்து மறுபடியும் கட்டினார். ஊர் திரும்பியபின் ஜப்பானியர்களின் பழைய போர்க்கலைகளிலிருந்து உடம்பின் சமநிலையைக் கற்றார். அடியில் ஒற்றைக் கட்டை மட்டும் உள்ள மரச் செருப்பை அணிந்து நிற்கவும் நடக்கவும் பழகினார். 2017 டிசம்பரில் 1000 மீட்டர் தூரத்தை 1 நிமிஷம் 12.09 விநாடியில் ஓடி உலக சாதனையை நிலைநாட்டினார். பியொங்சாங்கிலும் அந்தத் தூரத்தில் வெள்ளி பெற்று, நான்கு நாட்களுக்குப் பிறகே 500 மீட்டருக்கு வந்தார். ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்மணி அவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் தம் கலையின் உச்சியை அடைந்தார் என்பது, இருபதிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி ஏங்கும் இளம் பெண்களுக்கு நல்ல சேதி.

ஜப்பானியக் கொடியும் கொரியக் கொடியும் அன்று அருகருகே வலம் வந்ததன் பொருளை நன்றாக உணர, வேறொரு ஒலிம்பிக்கை நினைக்க வேண்டும். 1936-ல் பெர்லினில் மாரத்தான் ஓட்டத்தை ஜயித்த சோன் கீ-சுங் கொரியர். ஆனால் 1910 முதல் அவருடைய நாடு ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால், ஜப்பானியச் சட்டையணிந்து, ஜப்பானிய உச்சரிப்பில் திரிந்த பெயரோடு ஓட நேர்ந்தது. வெற்றி மேடையில் அவர் தலை குனிந்து நின்றார். பரிசாகக் கொடுத்த மரக்கன்றினால் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டார். அவருடைய படத்தில் அந்தக் கொடியை அழித்து வெளியிட்ட கொரியப் பத்திரிகை ‘தொங்கா இல்போ’வின் ஊழியர்கள் சிறை சென்றார்கள், பத்திரிகையும் பல மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தகைய நினைவுகள் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடுபவை அல்ல. கொரியாவில் ஜப்பானை எதிர்த்து ஆடும் எந்த ஆட்டத்திலும் அவை உறங்காமல் கிடக்கின்றன. இரண்டு பெண்கள் தழுவிக்கொண்டதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். சரித்திரத்தின் கடனை விளையாட்டு வீரர்களின் தோளில் ஏற்றுவது நியாயமும் ஆகாது. ஆயினும் அந்தச் சரித்திரத்தையெல்லாம் அறிந்தவர்களாகவே, அதன் வெறுப்பை மட்டும் தங்கள் ஓட்டத்துக்குள் புகவிடாமல், இவ்விருவரும் பல வருஷம் ஒருவருக்கொருவர் பரிசுகள் அனுப்பிக்கொண்டு, சிநேகிதிகளாக இருந்தார்கள். அதை எந்த அரசாங்கமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சிநேகம் மிகுந்தால் போட்டியின் கூர்மை மழுங்கிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எதிரியைப் பகைத்தால்தான் கால் வேகமாக ஓடும் என்பது அவர்கள் சித்தாந்தம். காங்னுங்கில் பதிவான நேரங்கள் அந்தச் சித்தாந்தத்துக்குச் சாட்சி சொல்லவில்லை. கொடைரா தம் வாழ்நாளில் பல சாதனைகளைக் கண்டார், ஆனால் 36.36 என்ற லீயின் உலக சாதனையைக் கடைசி வரையில் அவரால் கடக்க முடிந்ததில்லை. தங்கம் தம் கழுத்தில் தொங்கும்போதும், தமக்கு மேலே லீயின் எண் ஒன்று நிற்கிறது என்பதை அவர் அறிவார். அந்த எண் இல்லாமலிருந்தால் அவர் நெதர்லாந்து வரை போயிருப்பாரா, ஒற்றைக் கட்டைச் செருப்பில் நின்றிருப்பாரா என்பது சந்தேகந்தான். நல்ல எதிரி நமக்குச் செய்யும் உபகாரம் இது: நம்மிடத்தில் இருப்பதாக நாமே அறியாத வேகத்தை நம்மிடமிருந்து அவர் வெளியே இழுக்கிறார். அந்த உபகாரத்தை உணர்ந்தவருக்கு, எதிரி இடறி விழுந்ததால் கிடைக்கும் ஜயம் ருசிக்காது. எதிரி முழு வேகத்தோடு ஓடி, அதையும் தாண்டித் தாம் நின்றால்தான் ருசிக்கும். அடுத்தவருக்காகக் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொன்னவர் தியாகம் செய்ததாகக் கருதியிருக்கமாட்டார் என்று நான் நம்புகிறேன். பந்தயம் என்பதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்.

நான்கு வருஷம் கழித்து, 2022-ல் பெய்ஜிங்கில் இதே 500 மீட்டருக்கு மறுபடியும் ஒரு சிறப்பு வாய்த்தது. அமெரிக்காவின் தேர்வுப் போட்டியில், அந்தப் பருவத்தில் உலகத்தின் முன்னணியில் இருந்த எரின் ஜாக்சன் கால் இடறி மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். இடமோ இரண்டு பேருக்குத்தான். முதலாவதாக வந்த பிரிட்டனி போ, தமக்கு உரிமையாகக் கிடைத்த இடத்தை ஜாக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். இருவரும் பனியே இல்லாத ஃபுளோரிடா மாகாணத்தில் ஒக்காலா என்ற ஊரில் சக்கரக் காலணியில் ஓடப் பழகியவர்கள். விட்டுக்கொடுத்த இடத்தில் ஓடிய ஜாக்சன் 37.04 விநாடியில் தங்கம் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் பந்தயத்தில் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. பிறகு அமெரிக்காவுக்கு மற்றோர் இடம் கிடைத்ததால் போவும் அந்தப் பந்தயத்தில் ஓடினார் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் விட்டுக்கொடுக்கும்போது அவருக்கு அது தெரியாது.

அதே பெய்ஜிங் பந்தயத்தில் கொடைராவும் ஓடினார். ஜனவரியில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதன் பாதகம் தீரவில்லை. பதினேழாம் இடம். லீ அதற்கு முன்பே, 2019-ல், முழங்கால் வலியினால் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்று, அன்று கொரியத் தொலைக்காட்சிக்கு வர்ணனையாளராக அரங்கத்தில் அமர்ந்திருந்தார். கொடைரா பின்தங்குவதைக் கண்டதும் ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். ஓடி முடித்து வந்த கொடைரா, கொரியப் பத்திரிகையாளர்களைக் கண்டவுடன், சாங்ஹ்வா நலமா என்று கொரிய மொழியில் விசாரித்தார். அவ்வருஷம் அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி, தாம் சிறுமியாகக் கனவு கண்ட நகானோவில், தம் கடைசி 500 மீட்டரை ஓடி, அதிலும் முதலாவதாக வந்து விடைபெற்றார்.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கும், பள்ளி மைதானங்களில் அவர்களுக்கு ஓடவும் எறியவும் தாண்டவும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் பெண்ணுக்கு நல்ல காலணி வாங்கிக் கொடுங்கள், நல்ல உணவு கொடுங்கள், விடியற்காலையில் அவளோடு மைதானத்துக்குத் துணையாகப் போங்கள். அவ்வளவும் செய்தபின், அவளைவிட வேகமாக ஓடுகிற ஒரு பெண் அடுத்த தெருவில் இருந்தாலும் அடுத்த ஊரில் இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்து, இருவரையும் சிநேகிதிகளாக்கிவிடுங்கள்.